எட்டு மணிக்கு வரும் வயிற்றுவலி

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்யும் அம்மாக்களுக்குக் காலையில் நிற்க நேரம் கிடையாது. அடுப்பு மூட்டி, டீ போட்டு, மதியச் சாப்பாட்டைத் தூக்கில் அடைத்து, இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக்கொண்டு, பேர் போடும் இடத்துக்கு ஓட வேண்டும். தாமதமாகப் போனால் அன்றைய கூலியில் கை வைப்பார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் கம்பளிக்குள்ளிருந்து குரல் வரும். “அம்மா, வயிறு வலிக்குது. இன்னைக்கு ஸ்கூலுக்கு வேணாம்மா.” எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிற பிள்ளை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சூடு இல்லை. உட்கார்ந்து விசாரிக்க நேரமும் இல்லை. “சுக்குத் தண்ணி வெச்சிருக்கேன், குடிச்சிட்டுப் படு” என்று சொல்லிவிட்டு அம்மா கிளம்பிவிடுவார். பத்து மணிக்கெல்லாம் வலி போயிருக்கும்.

மறுநாளும் அதே வலி, அதே நேரம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளை கிரிக்கெட் மட்டையோடு திரிவான். ஞாயிறு இரவு சோறு இறங்காது. திங்கட்கிழமை காலை வாந்தி. வகுப்பாசிரியர் போன் செய்து கேட்கும்போதுதான், பிள்ளை இரண்டு வாரமாகப் பள்ளிப் பக்கமே போகவில்லை என்பது வீட்டுக்கு முழுசாக உறைக்கும்.

“நடிக்கிறான்” என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் முதலில் வருகிற தீர்ப்பு. சில பிள்ளைகள் நடிக்கவும் செய்யலாம். ஆனால் பெரும்பாலும் அந்த வலி நிஜம். பயம் வந்தால் உடம்பில் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் படபடக்கிறது, குடலின் இயக்கம் மாறுகிறது. பரீட்சை அன்றைக்குக் காலையில் பெரியவர்களுக்கே வயிற்றைக் கலக்கியதில்லையா? அதேதான் இந்தப் பிள்ளைக்குத் தினமும் நடக்கிறது. “சரி, இன்னைக்குப் போக வேண்டாம்” என்று சொன்னதும் பயம் விலகும், வலியும் விலகும். ஆபத்திலிருந்து தப்பிவிட்டோம் என்று மூளை பதிந்துகொள்ளும். மறுநாள் பள்ளி இன்னும் கொஞ்சம் பெரிய ஆபத்தாகத் தெரியும். வீட்டில் இருக்கும் ஒவ்வொரு நாளும் திரும்பிப் போவதை ஒரு படி கடினமாக்குகிறது. விடுபட்ட பாடம், எழுதாத நோட்டு, “எங்கடா போன?” என்று கேட்கப்போகும் நண்பர்கள் என எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. முதல் இரண்டு வாரம் அத்தனை முக்கியமாவது இதனால்தான்.

பள்ளிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு ஏரிக்கரையிலோ பஸ் ஸ்டாண்டிலோ நேரம் கழிப்பதை மட்டம் போடுவது என்கிறோம். அது வீட்டுக்குத் தெரியாமல் நடப்பது. இங்கே பேசப்படும் பிள்ளை வீட்டுக்குள்ளேயே இருக்கிறான். போகவில்லை என்பது வீட்டுக்குத் தெரியும். போகவேண்டும் என்று அவனே விரும்பவும் செய்வான். இரவு புத்தகப்பையை அடுக்கி வைப்பான், காலையில் ஷூ போட்டுக்கொண்டு வாசல் வரை வந்து உட்கார்ந்துவிடுவான். இப்படிப்பட்ட பிள்ளைகளை மருத்துவ உலகம் கவனித்து எழுதத் தொடங்கி 90 ஆண்டுகளுக்கு மேலாகிறது. 1932இல் பிராட்வின் என்ற மருத்துவர் இவர்களைத் தனியாக இனம்கண்டு எழுதினார். 1941இல் அடிலெய்ட் ஜான்சனும் அவருடைய சகாக்களும் இதைப் பள்ளிப் பயம் என்று அழைத்தார்கள். பயம் மட்டுமே காரணமல்ல என்று பின்னால் தெரியவந்ததால் இன்று பள்ளி மறுப்பு என்று பொதுவாகச் சொல்கிறார்கள்.

இந்தத் துறையில் நெடுங்காலம் உழைத்தவர் அமெரிக்காவின் நெவாடா பல்கலைக்கழக உளவியலாளர் கிறிஸ்டோபர் கியர்னி. பிள்ளை ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்டுக்கொண்டிருக்காமல், போகாமல் இருப்பதால் அவனுக்கு என்ன கிடைக்கிறது என்று பாருங்கள் என்பது அவர் காட்டிய வழி. சிலருக்குப் பள்ளி வளாகமே தரும் படபடப்பிலிருந்து விடுதலை கிடைக்கிறது. சிலருக்கு நான்கு பேர் முன்னால் எழுந்து வாசிப்பது, பரீட்சை, கேலி போன்றவற்றிலிருந்து தப்பிக்க முடிகிறது. சிலருக்கு அம்மாவின் அருகாமை கிடைக்கிறது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத வீட்டிலும், அப்பா குடித்துவிட்டு வந்து சண்டை போடும் வீட்டிலும் பிள்ளை காவலுக்கு நிற்பதுபோல வீட்டை விட்டு நகராது. இன்னும் சிலருக்கு வெளியே பள்ளியைவிடச் சுவையான ஒன்று இருக்கிறது: செல்போன் விளையாட்டு, நண்பர்கள், கையில் காசு தரும் சில்லறை வேலை. ஒரே பிள்ளையிடம் இவற்றில் இரண்டு மூன்று கலந்திருப்பதும் உண்டு. எதிலிருந்து தப்பிக்கிறான் என்று தெரியாமல் வைத்தியம் பார்த்தால் பலிக்காது. கேலிக்குப் பயந்து வீட்டில் இருக்கிறவனிடம் செல்போனைப் பிடுங்குவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

நீலகிரியில் காரணத்தைத் தேடுகிறவர்கள் முதலில் பாதையைப் பார்க்க வேண்டும். சமவெளியில் பள்ளி என்பது பெரும்பாலும் தெருமுனைக்கு அப்பால் இருப்பது. கூடலூர், பந்தலூர் பக்கம் அது யானை இறங்கும் காட்டுக்கும் தேயிலைச் செடிகளுக்கும் நடுவே போகும் ஒற்றையடிப் பாதையின் அந்த முனையில் இருக்கிறது. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே தோட்டத்தில் அம்மாவோடு வீடு திரும்பிக்கொண்டிருந்த மூன்று வயதுப் பெண் குழந்தையைச் சிறுத்தை கொன்றது. அந்தக் குடும்பம் பிழைப்புக்காக ஜார்க்கண்டிலிருந்து வந்த குடும்பம். அந்தச் செய்தியைக் கேட்ட பிறகு தேயிலைச் சரிவு வழியாகத் தனியாக நடந்துபோகப் பயப்படும் பன்னிரண்டு வயதுச் சிறுமியை யாராவது குறை சொல்ல முடியுமா? அவளுக்குத் தேவை மனநல ஆலோசனை அல்ல. கூட நடக்க ஒரு பெரியவரும், நேரத்துக்கு வரும் ஒரு வண்டியும் போதும். தொலைவில் இருக்கும் குடியிருப்புகளின் பிள்ளைகளுக்கு ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வாகன வசதியும் வழித்துணையும் கேட்டுப்பெற இடமிருக்கிறது. கேட்க வேண்டிய இடம் பள்ளித் தலைமையாசிரியரும் வட்டார வளமையமும்.

தோட்டங்களுக்கென்று 1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டத்தைப் படித்துப் பார்த்தால் இன்னொரு விஷயம் விளங்கும். தொழிலாளர்களின் 6 முதல் 12 வயது வரையிலான பிள்ளைகள் 25 பேருக்கு மேல் இருந்தால், அவர்களுக்குக் கல்வி வசதி செய்துதரும்படி நிர்வாகத்தைக் கட்டாயப்படுத்த மாநில அரசு விதி வகுக்கலாம் என்றது அந்தச் சட்டம். கணக்கு பன்னிரண்டு வயதோடு முடிந்துவிட்டது. பதின்மூன்று வயதில், மனசும் உடம்பும் ஒருசேரக் குழம்பும் பருவத்தில்தான், தோட்டத்துப் பிள்ளை தன் லைன் வீட்டையும் தெரிந்த டீச்சரையும் விட்டு ஊருக்குள் இருக்கும் பெரிய பள்ளிக்கு பஸ் ஏறுகிறது. முப்பது பேர் படித்த பள்ளியிலிருந்து முந்நூறு பேர் படிக்கும் பள்ளிக்கு வந்து சேரும்போது, “லைன் பசங்க”, “காலனி பசங்க” என்ற அடைமொழியும் கூடவே வந்து ஒட்டிக்கொள்கிறது. ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு, பதினொன்றாம் வகுப்பு என்று பள்ளி மாறும் இடங்களில் பிள்ளைகள் நழுவுவது உலகெங்கும் உள்ளதுதான். மலையில் அந்தப் படியின் உயரம் அதிகம்.

மழையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். தென்மேற்குப் பருவமழை வலுத்தால் மாவட்ட ஆட்சியர் விடுமுறை அறிவிப்பார். மண் சரிந்தாலும் மரம் விழுந்தாலும் சில நாள் பள்ளி இருக்காது. ஜூனில் தயங்கித் தயங்கிப் போகத் தொடங்கிய பிள்ளைக்கு ஜூலையில் நான்கு நாள் மழை விடுமுறை கிடைத்தால் மறுபடி முதல் நாள் பயம் முளைக்கும். விடுமுறை முடிந்த மறுநாளில் யார் வரவில்லை என்று பார்க்கும் ஆசிரியர், பிரச்சினையை ஒரு மாதம் முன்னதாகவே பிடித்துவிடுவார்.

பழங்குடிக் கிராமங்களில் கதை வேறு மாதிரி. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் என்று தமிழகத்தில் மிகவும் நலிந்த நிலையில் இருப்பதாக அடையாளம் காணப்பட்ட ஆறு பழங்குடியினரும் நீலகிரியில் வாழ்கிறார்கள். பணியர் வீட்டிலும் காட்டுநாயக்கர் வீட்டிலும் பேசும் மொழி பாடப்புத்தகத்தில் இல்லை. பத்துப் பதினைந்து வீடுகள் மட்டுமே உள்ள கிராமத்தில், அடிக்கிற பழக்கமே அதிகம் இல்லாத பெரியவர்களுக்கு நடுவே வளர்ந்த பிள்ளை, உறைவிடப் பள்ளி விடுதிக்கு வந்து மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, மணியடித்தால் தூங்க வேண்டும். பண்டிகைக்கு ஊருக்குப் போன பிள்ளை திரும்பாது. ஆசிரியர் தேடிவந்தால் காட்டுக்குள் ஓடிவிடும். “இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஆர்வமில்லை” என்று கோப்பில் எழுதி மூடிவிடுவது எளிது. அப்படித்தான் நீண்ட காலம் எழுதினார்கள்.

கூடலூரில் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 1980களின் நடுவில் அங்கே பழங்குடி மக்களோடு வேலை செய்ய ‘அக்கார்டு’ அமைப்பு தொடங்கப்பட்டது. ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் நிலவுரிமைக்காகத் திரண்டது. 1990களில் ரமா சாஸ்திரி, பி. ராம்தாஸ் தம்பதி நடத்திவந்த வித்யோதயா பள்ளி பழங்குடிப் பிள்ளைகளுக்கான பள்ளியாக மாறியது. அங்கே செய்த முக்கியமான காரியம், அந்தந்தச் சமூகத்து இளைஞர்களையே ஆசிரியர்களாகப் பயிற்றுவித்ததுதான். வகுப்பில் நிற்பவர் தன் மொழி தெரிந்தவர், தன் ஊர்க்காரர். கணக்கு வாய்பாட்டுக்கு இடம் இருக்கும் அதே வகுப்பில் தன் பாட்டி பாடிய பாட்டுக்கும் காட்டின் மரங்களுக்கும் இடம் உண்டு. அடி கிடையாது. ஓடி ஒளிய வேண்டிய காரணம் பிள்ளைக்கு அங்கே குறைந்துபோனது. பந்தலூருக்கு அடுத்திருக்கும் வயநாட்டில் கேரள அரசும் இதே பாதையில் போய், பழங்குடி சமூகத்தைச் சேர்ந்த, ஆசிரியர் பயிற்சி பெற்ற இளைஞர்களை ‘கோத்ரபந்து’ என்ற பெயரில் அரசுப் பள்ளிகளில் வழிகாட்டி ஆசிரியர்களாக நியமித்தது. எல்லையின் இந்தப் பக்கத்து அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் இப்படி ஒருவர் இருந்தாக வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கட்சி.

வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தத் தொல்லை வராது என்று நினைக்க வேண்டாம். லவ்டேலில் 1858இல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி முதற்கொண்டு, ஊட்டி வட்டாரம் நூறாண்டுக்கு மேலாக விடுதிப் பள்ளிகளுக்குப் பேர்போனது. வெளியூரிலிருந்து விட்டுப்போகப்படும் பிள்ளைகளின் வீட்டு ஏக்கமும் உடம்பில்தான் பேசும்: தலைவலி, தூக்கமின்மை, மருத்துவ அறைக்கு ஓயாத நடை. எஸ்டேட் பிள்ளை கம்பளிக்குள் ஒளிந்துகொள்கிறது என்றால், விடுதிப் பிள்ளை மருத்துவ அறைக் கட்டிலில் ஒளிந்துகொள்கிறது.

சில சமயம் பிள்ளை வீட்டில் இருப்பதற்கான காரணம் பயங்கரமானது. திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் நடந்ததைத் தமிழ்நாடு மறக்காது. பிளஸ் டூ படித்த பட்டியல் சமூகத்து மாணவர் ஒருவர் சில நாள் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்தார். பள்ளியிலிருந்து காரணம் கேட்டார்கள். சக மாணவர்கள் சிலர் சாதியின் பெயரால் தன்னைத் துன்புறுத்துவதை அவர் சொன்னார். அதற்குப் பழிவாங்க அந்த மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவரை அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு விழுந்தது. மருத்துவமனையில் நெடுநாள் கிடந்து எழுந்த அந்த மாணவர் 2024 பொதுத்தேர்வில் 600க்கு 469 மதிப்பெண் வாங்கினார். படிப்பின் மீது அவருக்கு இருந்த ஆசை எப்படிப்பட்டது என்று அந்த மதிப்பெண் சொல்லும். அந்த ஆசை உள்ளவர்தான் பள்ளிக்குப் போகமாட்டேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தார். கல்வி நிலையங்களில் சாதிப் பாகுபாட்டைத் தடுக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் அரசு ஒரு நபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அந்தக் குழு அறிக்கை அளித்தது.

இந்தச் சம்பவத்திலிருந்து ஆசிரியர்களும் பெற்றோரும் எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டு. வாய்திறக்காத பிள்ளையிடம் காரணத்தைக் கேட்டே ஆக வேண்டும். காரணத்தைச் சொன்ன பிள்ளையைப் பாதுகாத்தே ஆக வேண்டும். சொன்னவன் யார் என்பது மற்றவர்களுக்குத் தெரியாமல் நடவடிக்கை எடுக்க ஒரு தலைமையாசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாலியல் சீண்டல் என்றால் தாமதத்துக்கு இடமே இல்லை. 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, தெரிந்தும் புகார் கொடுக்காமல் இருப்பதே குற்றம். ஆசிரியரின் அடிக்குப் பயந்து ஒரு பிள்ளை நின்றால், கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு உடல்ரீதியான தண்டனையையும் மனரீதியான துன்புறுத்தலையும் தடைசெய்கிறது என்பதை அந்தப் பெற்றோர் தெரிந்து வைத்திருக்கலாம்.

வெளியே தெரியாத இன்னொரு காரணம், வாசிக்கத் தெரியாமை. எட்டாம் வகுப்பு வரை தேர்ச்சி கிடைத்துவிடும். ஒன்பதில் கணக்கும் அறிவியலும் கனக்கும். எழுந்து வாசி என்று ஆசிரியர் சொன்னால் வியர்க்கும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு கண்முன் நிற்கும். வகுப்பில் முட்டாளாக நிற்பதைவிட, சண்டியர் என்று பெயரெடுத்துக்கொண்டு வீட்டில் இருப்பது மேல் என்று பதினான்கு வயது மனசு கணக்குப் போடும். 2023 மார்ச்சில் பிளஸ் டூ பொதுத்தேர்வின் முதல் நாள் தமிழ்த் தேர்வுக்கு மாநிலம் முழுக்க 50 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வரவில்லை என்ற செய்தி பெரிய அதிர்ச்சியை உண்டாக்கியது. அவர்களில் பெரும்பாலோர் கொரோனா காலத்தில் பத்தாம் வகுப்புத் தேர்வே எழுதாமல் தேர்ச்சி பெற்ற ஆண்டுக்காரர்கள். பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருந்தது. பிள்ளை எப்போதோ நின்றுவிட்டிருந்தது. யாரும் போய்ப் பார்க்கவில்லை.

எழுத்துகளைத் தலைகீழாக மாற்றி எழுதுவது, வரி தாவுவது, பேச்சில் கெட்டிக்காரனாக இருந்தும் எழுதினால் எல்லாம் பிழை என்பவை கற்றல் குறைபாட்டின் அறிகுறிகளாக இருக்கலாம். மருத்துவச் சான்றுடன் தலைமையாசிரியர் மூலம் விண்ணப்பித்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு ஆகிய சலுகைகள் தமிழ்நாட்டில் கிடைக்கின்றன. இதைத் தெரிந்துகொண்ட அன்றே முகம் மலர்ந்து பள்ளிக்குக் கிளம்பும் பிள்ளைகளும் உண்டு. முட்டாள் என்று தன்னைத்தானே நம்பிக்கொண்டிருந்த பிள்ளைக்கு அதைவிடப் பெரிய மருந்து கிடையாது.

சரி, பிள்ளை இன்று போகமாட்டேன் என்கிறது. வீட்டில் என்ன செய்வது?

முதலில் ஒரு மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ரத்தசோகை, குடற்புழு, கண் பார்வை, பெண்பிள்ளை என்றால் மாதவிடாய் வலி ஆகியவற்றைப் பார்த்து, உடம்பில் கோளாறு இல்லை என்று ஆனபிறகு, காலை வலிக்காக வீட்டில் நிறுத்தாதீர்கள். “வலிக்குதுன்னு தெரியும். வலியோட போயிட்டு வா, மத்தியானத்துக்குள்ள சரியாயிடும்” என்று சொல்வது வலியையும் மறுக்கவில்லை, பள்ளியையும் விடவில்லை.

அடிப்பதும், அக்கம்பக்கத்தார் முன் மானத்தை வாங்குவதும் வேண்டாம். காலையில் கம்பளியை இழுத்து உதறிக்கொண்டே “ஏன் போகமாட்டேங்கிற?” என்று கேட்டால் பதில் வராது. பதின்பருவத்துப் பிள்ளைகள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசுவதைவிட, கை வேலையில் இருக்கும்போது, பக்கவாட்டில் பேசுவார்கள். விறகு அடுக்கும்போதோ, காரட் மூட்டை கட்டும்போதோ, இரவு அடுப்படியில் குளிர்காயும்போதோ ஆரம்பியுங்கள். “எந்த பீரியட் வந்தா பயமா இருக்கு?”, “சாப்பாட்டு நேரத்துல யாரோட உக்காருவ?”, “பஸ்ஸுல யாராச்சும் ஏதாச்சும் சொல்றாங்களா?” போன்ற சின்னச் சின்னக் கேள்விகளுக்குத்தான் பதில் கிடைக்கும். அம்மாவிடம் சொல்லாததைத் தாய்மாமனிடமோ பெரியம்மா மகளிடமோ சொல்லும் பிள்ளைகள் உண்டு. அந்த ஆளைப் பிடியுங்கள்.

வீட்டில் இருக்கும் பகல் வீட்டுப் பகலாக இருக்கக் கூடாது. பள்ளி நேரத்தில் போனும் டிவியும் கிடையாது, காலையில் எழுவதும் குளிப்பதும் சீருடை போடுவதும் வழக்கம்போல் நடக்கட்டும், பாடப்புத்தகம் திறந்திருக்கட்டும். இரவு இரண்டு மணி வரை போன் பார்த்துவிட்டுப் பகல் பதினொன்றுக்கு எழும் பழக்கம் வந்துவிட்டால், பயம் போனபிறகும் உடம்பு பள்ளிக்கு எழாது. இங்கேதான் தோட்டத் தொழிலாளர் வீடுகள் தோற்றுப்போகின்றன. பகலில் வீட்டில் ஆளே இல்லை. லைனில் இருக்கும் ஓய்வுபெற்ற பாட்டியோ அடுத்த வீட்டு அக்காவோ இந்தப் பொறுப்பை ஒரு மாதத்துக்கு ஏற்றுக்கொண்டால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையே திரும்பும்.

நீண்ட நாள் போகாத பிள்ளையை ஒரே நாளில் முழுநேர வகுப்பில் கொண்டுபோய் உட்கார வைக்க முடியாமல் போகலாம். பயத்தைப் படிப்படியாக எதிர்கொள்ளப் பழக்குவதையே மனநல மருத்துவர்கள் சிகிச்சையாகச் செய்கிறார்கள். அதன் எளிய வடிவத்தை ஆசிரியரின் ஒத்துழைப்போடு வீடும் செய்யலாம். முதல் நாள், பள்ளி விட்டபிறகு மாலையில் சீருடையோடு போய் வகுப்பாசிரியரை மட்டும் பார்த்துவிட்டு வருவது. அடுத்து, காலையில் போய் நூலகத்தில் ஒரு மணி நேரம். பிறகு, பிடித்த பாட வேளை ஒன்று. அது விளையாட்டு வகுப்பாகவும் இருக்கலாம். பிறகு மதியச் சாப்பாடு வரை. ஒவ்வொரு படியிலும் படபடப்பு வரும்; அது தணியும்வரை பிள்ளை அங்கேயே இருக்க வேண்டும். பாதியில் ஓடிவந்தால் பயம் ஜெயித்துவிடும். அதனால் அவனால் முடிகிற அளவுக்கே படியை வையுங்கள். வைத்த படியிலிருந்து கீழே இறங்காதீர்கள்.

திரும்பி வருகிற அன்று வகுப்பில் நடப்பதுதான் பாதி வைத்தியம். “வாங்க சார், ஸ்கூலுக்கு வழி தெரிஞ்சுதா?” என்று ஆசிரியர் கேட்பதும், வகுப்பு முழுக்கச் சிரிப்பதும் எத்தனையோ பிள்ளைகளை மறுநாளே திரும்ப வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது. கேட்டவருக்கு அது சாதாரணப் பேச்சு. வாசல் வரை வந்து நடுங்கி நின்ற பிள்ளைக்கு அது கடைசி அடி. “வந்துட்டியா, உக்காரு” என்றால் போதும். விடுபட்ட பாடத்தை எழுதித்தர ஒரு நண்பனை நியமிக்கலாம். முதல் வாரம் கேள்வி கேட்டு எழுப்பாமல் இருக்கலாம். அரசுப் பள்ளிகளில் ‘மாணவர் மனசு’ பெட்டி இருக்கிறது. அதில் விழும் தாள்களை யாராவது வாரந்தோறும் எடுத்துப் படித்தால்தான் அந்தப் பெட்டிக்குப் பொருள் உண்டு.

வீட்டு வைத்தியம் போதாத நிலையும் உண்டு. பிடித்த விளையாட்டைக்கூட விட்டுவிடுவது, யாரோடும் பேசாமல் இருட்டில் கிடப்பது, சாப்பாடும் தூக்கமும் குலைவது, “நான் இருந்து என்ன பிரயோஜனம்” என்ற பேச்சு, கையில் கீறல்கள் ஆகியவற்றில் ஏதாவது தெரிந்தால் பள்ளியை மறந்துவிட்டு அன்றே மருத்துவரிடம் போங்கள். மாவட்ட மனநலத் திட்டம் நீலகிரியிலும் உண்டு. ஊட்டியில் 2025 ஏப்ரலில் 700 படுக்கைகளுடன் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை திறக்கப்பட்டிருக்கிறது. கோயம்புத்தூர் வரை மலையிறங்க வேண்டும் என்ற பழைய தயக்கத்துக்கு இனி இடமில்லை.

எல்லா முயற்சிக்குப் பிறகும் பழைய பள்ளிக்குத் திரும்ப முடியாத பிள்ளைகள் இருக்கிறார்கள். ஜப்பானில் 2023 கல்வியாண்டில் தொடக்க, நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளில் 3 லட்சத்து 46 ஆயிரம் பேர் இப்படி 30 நாளோ அதற்கு மேலோ பள்ளிக்கு வரவில்லை என்று அந்நாட்டு அரசே கணக்குச் சொன்னது. அங்கே 1985இலேயே ‘டோக்கியோ ஷூரே’ என்ற சுதந்திரப் பள்ளி இத்தகைய பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்டது. பள்ளிக்கு வெளியே கற்பதையும் மதிக்கும் சட்டம் 2016இல் வந்தது. நம்மிடமும் வழிகள் இல்லாமல் இல்லை. 14 வயது வரை, வயதுக்கேற்ற வகுப்பில் சேர்த்துச் சிறப்புப் பயிற்சி தரக் கல்வி உரிமைச் சட்டம் இடம் தருகிறது. பதினான்கரை வயது ஆனவர்கள் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதலாம். தேசியத் திறந்தநிலைப் பள்ளி இருக்கிறது. பத்தில் தோற்றவர்கள் துணைத்தேர்வில் தேறி அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேரலாம். குன்னூரிலும் கூடலூரிலும் அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்கள் இயங்குகின்றன. எட்டாம் வகுப்பு முடித்தவர்களுக்கான தொழிற்பிரிவுகளும் ஐ.டி.ஐ.களில் உண்டு. வேறு வழி இருக்கிறது என்று தெரிந்தாலே சில பிள்ளைகளின் பயம் பாதியாகக் குறைந்து, பழைய பள்ளிக்கே திரும்புவதும் நடக்கிறது.

இலவசமாகக் கூப்பிடக்கூடிய எண்கள் மூன்று. பள்ளி, தேர்வு, கல்வி வழிகாட்டல் சந்தேகங்களுக்குத் தமிழ்நாடு பள்ளிக்கல்வித் துறையின் 14417. மனநல உதவிக்கு டெலி மானஸ் 14416; தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்கு யாராலும் ஆபத்து என்றால் 1098. எஸ்டேட் லைன்களின் சுவரில் இந்த மூன்று எண்களையும் எழுதிவைக்கப் பெரிய செலவில்லை.

தோட்ட நிர்வாகங்களுக்கும் தொழிற்சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். நீண்ட நாளுக்குப் பிறகு ஒரு பிள்ளை பள்ளிக்குத் திரும்பும் முதல் வாரத்தில், அதன் அம்மாவோ அப்பாவோ காலையில் ஒரு மணி நேரம் தாமதமாகப் பேர் போட அனுமதி கொடுங்கள். அதற்காகக் கூலியைப் பிடிக்காதீர்கள். அந்த ஒரு வாரம் பிள்ளையின் கையைப் பிடித்துப் பள்ளி வாசல் வரை நடந்துபோக வீட்டில் ஓர் ஆள் வேண்டும்.